கடைசியில் குடித்த மந்திரி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை மடக்கிக்கிட்டா இன்னும் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்கும். சுனைக்காட்டில் மந்திரிசபை அமைந்த கதை இது. சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

சுனைக்காட்டை ரொம்ப காலம் ஆண்ட கிழப்புலி ஒரு கோடையில் கண்ணை மூடிவிட்டது. அதற்குப் பிள்ளை குட்டி கிடையாது.

"பல்லைப் பார்த்துப் பயந்து ராஜாவைக் கும்பிட்டது போதும். இனிமேல் தலையை எண்ணுவோம்!" என்று மிருகங்களெல்லாம் கூடி முடிவு செய்தன.

எண்ணுகிற நாளும் வந்தது. ஆளுக்கு ஒரு புங்கங்கொட்டை. தனக்குப் பிடித்த கூட்டத்தின் குவியலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவ்வளவுதான் தேர்தல்.

ஆவுடை என்கிற புள்ளிமான், மான் கூட்டத்துக்குத் தலைவி. அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மலை நடந்து வருகிற மாதிரி ஒரு யானை வந்தது. தும்பிக்கை நுனியில் ஒரு கொட்டை. மெதுவாகக் குனிந்து வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பின்னாலேயே ஒரு முயல் வந்தது. அதன் வாயிலும் ஒரு கொட்டை. இரண்டு கொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எது யானையுடையது, எது முயலுடையது என்று ஆவுடையால் சொல்ல முடியவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

'இப்படியும் ஒரு நாள் வருமா!' என்று நினைத்துக்கொண்டாள்.

குவியல்களைப் பார்த்தார்கள். மான்களின் குவியல்தான் பெரிசு. ஆனால் பாதிக்கு மேல் இருந்தால்தான் ஆட்சி. மான் குவியல் பாதிக்கு வரவில்லை. அடுத்தது பன்றிகளின் குவியல். அதற்குத் தலைவன் கொம்பையா. அவன் தந்தம் வளைந்து கன்னத்தைத் தொடும். அதற்கடுத்தது கருமந்திகளின் குவியல். அதற்குத் தலைவன் தளவாய். வாலைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பேசுவான்.

பூதத்தான் என்கிற சிறுத்தைக்கும் ஒரு குவியல் விழுந்திருந்தது. அவன் எச்சிலைத் தின்று வளர்ந்த நரிகளும் கழுதைப்புலிகளும் போட்டது.

மானும் பன்றியும் மந்தியும் ஒன்றாகச் சேர்ந்தால்? மூன்று குவியலையும் சேர்த்து எண்ணினார்கள். சரியாகப் பாதி. பாதிக்கு மேல் போக இன்னும் ஒரே ஒரு கொட்டை வேண்டும்!

அந்த ஒரு கொட்டை எந்தக் குவியலிலும் சேராமல் தனியாகக் கிடந்தது.

"இது யாருடையது?"

"ஆள்காட்டிக் குருவி பிச்சி வச்சது" என்றது ஒரு காடை.

எல்லோரும் சிரித்தார்கள். கைக்குள் அடங்குகிற குருவி. சிவப்பு மூக்கு, குச்சிக் கால். சுனைக் கரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாய் ஓடித் திரிவாள். யாராவது நடந்து வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பாள். அந்தக் கோடையில்தான் அவள் ஜோடியைப் பருந்து தூக்கிப் போனது. ஒற்றையாளாக எங்கேயோ முட்டையிட்டு அடைகாத்து வந்தாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"அந்தக் குருவி கிடக்கட்டும்வே! ஒரு வாய் புழுவைக் கொடுத்தா வந்துருவா. முதல்ல நமக்குள்ள இலாகாவைப் பிரிப்போம்" என்றான் கொம்பையா.

அங்கேதான் பிடித்தது சனி.

காவல் இலாகா, கனி இலாகா, தண்ணீர் இலாகா என்று மூன்று. இவற்றுக்கு மேலே தலைமை. கோடையில் காட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சுனைதான். அதுவும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டால், மூன்று பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

"தண்ணீர்!"

"பெரிய கூட்டம் நாங்க. தலைமையும் தண்ணீரும் எங்களுக்குத்தான்" என்றாள் ஆவுடை.

"நாங்க இல்லாம நீங்க ஆட்சியில உக்காந்திருவீங்களாக்கும்? தண்ணீர் எனக்கு!" என்று தரையைக் கிளறினான் கொம்பையா.

"அண்ணாச்சி, உங்க கையில தண்ணியைக் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள சேறாக்கிருவீங்க. எங்ககிட்ட கொடுங்க" என்றான் தளவாய்.

"மரத்துல தொங்குறவனுக்குச் சுனை எதுக்குவே?"

இப்படியே பொழுது போனது. அன்றைக்கும் போனது, மறுநாளும் போனது.

அந்தக் காட்டில் ஒரு பழைய முறை உண்டு. புது மந்திரிகள் எல்லோரும் சுனையில் இறங்கி, தண்ணீரைக் குடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதுவரைக்கும் பழைய ஆட்சியில் மந்திரியாக இருந்தவர்தான் காட்டுக்குக் காபந்து. பழைய மந்திரி யார்? பூதத்தான்!

சுனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் பூதத்தான் படுத்துக்கொண்டு வாலை ஆட்டுவான். "நிதானமாப் பேசி முடிங்கப்பா. அவசரமே இல்லை. அதுவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்" என்பான். பொழுது சாய்ந்ததும் எழுந்து வருவான். ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போவான். கேட்டால், "காபந்துக் கூலி" என்பான்.

முதல் நாள் போனது ஒரு மான்குட்டி. "அது மான் வீட்டு விஷயம்" என்று கொம்பையா திரும்பி நின்றுகொண்டான். மறுநாள் போனது ஒரு பன்றிக்குட்டி. அன்றைக்கு ஆவுடை திரும்பி நின்றுகொண்டாள். தளவாய் இரண்டு நாளும் உச்சிக்கிளையில் இருந்தான்.

அதற்கடுத்த நாள் போனது ஆவுடையின் தங்கச்சி பெற்ற குட்டி. ஆவுடையின் மகள் தாயின் முழங்காலோடு ஒட்டி நின்றுகொண்டு கேட்டாள்.

"எம்மா, நாளைக்கு யாரு?"

ஆவுடை மகளைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். கூட்டத்தில் மிச்சம் இருந்த சின்னக்குட்டி அது ஒன்றுதான்.

விடிந்ததும் விடியாததுமாக அவள் கொம்பையாவையும் தளவாயையும் தேடிப் போனாள். "முதல்ல அந்தக் குருவியைப் பார்த்துட்டு வருவோம். இலாகாச் சண்டையை அப்புறம் வச்சுக்குவோம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சத்தியம் எடுத்தாகணும்" என்றாள். அவள் குரலைக் கேட்டு இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் பின்னால் நடந்தார்கள்.

பிச்சி கரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பார்த்துக் காலை வைங்க. கல்லுன்னு நினைச்சு எதையாவது மிதிச்சிராதீங்க!" என்று கத்தினாள்.

கொம்பையா தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான்.

"தங்கச்சி, உனக்கு என்ன இலாகா வேணும்? சொல்லு. புழு இலாகான்னு புதுசா ஒண்ணு உண்டாக்கித் தாரோம்" என்றான்.

"எனக்கு இலாகா வேண்டாம். என் கொட்டையைத் தாரேன். ஆனா ஒரே ஒரு நிபந்தனை" என்றாள் பிச்சி.

"சொல்லு."

"யார் எந்த இலாகாவை எடுத்தாலும், அந்தப் பொருள் அவங்களுக்குக் கடைசியிலதான். கனியை எடுத்தவர் எல்லாரும் தின்ன பிறகு தின்னணும். காவலை எடுத்தவர் எல்லாரையும் உள்ளே விட்டுட்டு வெளி ஓரத்துல நிக்கணும். தண்ணியை எடுத்தவர் தாகம் உள்ள கடைசி உயிரும் குடிச்ச பிறகுதான் வாயை வைக்கணும். தலைமையை எடுத்தவர் கடைசியிலதான் பேசணும்."

தளவாய் ஆவுடையைப் பார்த்துச் சிரித்தான். "மதினிக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்!"

ஆவுடை முறைத்தாள்.

"இன்னொண்ணு கேக்கேன்" என்றாள் பிச்சி. "தண்ணீர் எதுக்கு வேணும்? ஆளாளுக்குச் சொல்லுங்க."

"தண்ணி கையில இருந்தா காடு கையில!" என்றான் கொம்பையா.

"அதையேதான் நானும் சொல்லுதேன். தண்ணி கையில இருந்தா காடு கையில" என்றான் தளவாய்.

ஆவுடையின் நாக்கு நுனியிலும் அதே வார்த்தைதான் இருந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பேருக்கும் இந்தச் சொல்லை ஒரே வாய்தான் சொல்லிக்கொடுத்திருக்கு. தினமும் கரையில ஓடித் திரியுறவளுக்கு எல்லாம் காதுல விழும்" என்றாள் பிச்சி.

ஆவுடை தலையைத் திருப்பிப் பாறையைப் பார்த்தாள். பூதத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தான். வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்த அன்றைக்கே தன்னிடம் வந்து அவன் குழைந்து பேசியது அவள் நினைவுக்கு வந்தது. 'உனக்குத்தான் தாயே நியாயம். தண்ணி கையில இருந்தா காடு கையில.' அவளுக்கு முகம் சுட்டது.

"சரி, நிபந்தனைக்குச் சம்மதம். இப்போ தண்ணீர் யாருக்கு?" என்று கேட்டாள்.

இப்போது கதையே தலைகீழாகிப் போனது!

"தளவாய் தம்பி, நீ ரொம்ப ஆசைப்பட்டே. நீயே எடுத்துக்கோ" என்றான் கொம்பையா.

"அய்யய்யோ! மரத்துல தொங்குறவனுக்குச் சுனை எதுக்கு? நீங்களே சொன்னீங்களே! கடைசியில மிஞ்சுறது சேறுதான். சேறுன்னா உங்களுக்குத்தான் பிடிக்கும், எடுத்துக்கிடுங்க."

"புரளுறதுக்குத்தான்வே சேறு பிடிக்கும், குடிக்கிறதுக்கா?"

கடைசியில் தளவாய் கனியை எடுத்துக்கொண்டான். கொம்பையா தந்தத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் காவலை எடுத்துக்கொண்டான். தலைமை ஆவுடைக்கு. தண்ணீர் மட்டும் அநாதையாகக் கிடந்தது.

"அப்போ அது எனக்கு" என்றாள் பிச்சி.

ஆவுடை திடுக்கிட்டுப் பார்த்தாள். வெயில் ஏறினால் அந்தக் கரையில் கல்லெல்லாம் அடுப்பாகக் காயும். முட்டை வெந்துவிடும். ஆள்காட்டிதான் ஓடி ஓடி வந்து நெஞ்சுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய் முட்டைமேல் படுத்துக் குளிர வைக்கும். காட்டில் எல்லோரையும்விடத் தண்ணீருக்கு அவசரம் உள்ளவள் அவள்தான்.

"பிச்சி, உன் முட்டை..."

"தெரியும் அக்கா" என்றாள் பிச்சி. எண்ணிய இடத்துக்குப் போய், தனியாகக் கிடந்த தன் கொட்டையை மூக்காலேயே உருட்டி மூன்று குவியலும் சேர்ந்த இடத்தில் விட்டாள். சின்னக் கொட்டை. 'டக்' என்று ஒரு சத்தம். காடே அதைக் கேட்டது.

எல்லோரும் சுனையை நோக்கி நடந்தார்கள். உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. பூதத்தான் பாறையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் ஓரமாகப் படுத்துக்கொண்டான்.

"வாங்க வாங்க. சத்தியம்தானே? இறங்குங்க. நான் வேடிக்கை பார்க்கேன்" என்று பல்லைக் காட்டினான்.

ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை.

"கொம்பையா, நீதானே காவல்!" என்றான் தளவாய்.

"இன்னும் சத்தியம் எடுக்கலையேவே! எடுத்த பிறகுதானே காவல்!"

பூதத்தான் பிச்சியைத் திரும்பிப் பார்த்தான். "ஏட்டி, போட்ட கொட்டையை எடுத்து என் குவியல்ல போடு. இல்லைன்னா உன் முட்டை ஒவ்வொண்ணையும் மிதிப்பேன். ஆள்காட்டி எங்கே அதிகமாக் கத்துதோ அங்கேதான் முட்டைன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

அடுத்த நொடி, "அய்யோ! என் முட்டை! மேட்டுப் பக்கம் போகாதீங்க! போகாதீங்க!" என்று காடு அதிரக் கத்திக்கொண்டு பிச்சி மேட்டை நோக்கி ஓடினாள். ஒரு சிறகு தரையில் இழுபட்டது. ஒடிந்த மாதிரி.

பூதத்தான் துள்ளி எழுந்து பின்னால் பாய்ந்தான்.

"இறங்குங்க!" என்று கத்தினாள் ஆவுடை.

மூன்று பேரும் சுனையில் இறங்கினார்கள். குடித்தார்கள். காடு சாட்சி, வானம் சாட்சி, சுனை சாட்சி. குடித்து முடித்ததும் கொம்பையா ஒரு சொல் பேசாமல் கரையேறினான். தன் கூட்டத்தை வெளி ஓரத்தில் சுவர் மாதிரி நிறுத்தினான். பன்றிக்குட்டிகளை மட்டும் இல்லை, மான்களையும் முயல்களையும் உள்ளே விட்டான். ஆவுடையின் மகள் கொம்பையாவின் வயிற்றுக்குக் கீழே புகுந்து உள்ளே வந்தாள். பிறகு காட்டு உயிரெல்லாம் வரிசையில் வந்து குடித்தன. நரியும் வந்து குடித்தது. யாரும் தடுக்கவில்லை.

ஆவுடை மட்டும் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொதிக்கிற பாறைமேல் ஒரு சின்னப் புள்ளி ஓடியது. பின்னால் ஒரு பெரிய புள்ளி ஓடியது. சின்னது விழுந்தது, எழுந்தது, திரும்பவும் விழுந்தது. ஒரு மேடு தாண்டி அடுத்த மேடு. பூதத்தான் கத்தல் கேட்ட இடத்தையெல்லாம் பறித்துப் பார்த்தான். கல். வெறும் கல்! வெயிலில் ஓடி ஓடி அவன் நாக்கு வெளியே தொங்கியது.

பொழுது மேற்கே இறங்குகிற நேரத்தில் பிச்சி பறந்து வந்து சுனை ஓரத்தில் இறங்கினாள். சிறகு ஒடியவே இல்லை! தண்ணீர் ரொம்பவும் அடியில் போயிருந்தது. அவள் குடித்தால் சத்தியம் முடிந்தது. காபந்தும் முடிந்தது.

"குடி, பிச்சி! குடி!" என்று கத்தினான் தளவாய்.

பிச்சி குனிந்தாள். மூக்கு தண்ணீருக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அப்படியே நிமிர்ந்தாள்.

பன்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் பூதத்தான் வந்து நின்றிருந்தான். விலா எலும்பு ஏறி இறங்கியது. வாயில் நுரை.

"நீங்க இன்னும் குடிக்கலையே, அண்ணாச்சி?" என்று கேட்டாள் பிச்சி.

பூதத்தானுக்குப் புரிந்துவிட்டது. தாகம் உள்ள கடைசி உயிர் இப்போது அவன்தான். குடித்தால், அந்தக் குருவியின் ஆட்சியில் வரிசையில் நின்று குடித்தவன் ஆவான். குடிக்காவிட்டால் அவளும் குடிக்க முடியாது. சத்தியம் முடியாது.

"நான் குடிக்க மாட்டேன்!" என்று உறுமினான். "குருவி கொடுத்து நான் குடிக்கவா? நீ நின்னுக்கிட்டே இரு, ஏட்டி! உன் முட்டை வேகட்டும்!"

"நிக்கேன், அண்ணாச்சி" என்றாள் பிச்சி. "அண்ணாச்சிக்கு வழி விடுங்க" என்று கொம்பையாவிடம் சொன்னாள்.

கொம்பையா கொஞ்சம் தயங்கினான். பிறகு ஒரே ஒரு ஆள் போகிற அளவுக்கு ஒதுங்கினான். இரண்டு பக்கமும் தந்தங்கள்.

பிச்சியும் ஓடி வந்தவள்தான். அவள் மூக்கும் பிளந்துகொண்டுதான் இருந்தது. சின்ன நெஞ்சு படபடவென்று அடிப்பது ஆவுடைக்குத் தெரிந்தது. காலடியில் தண்ணீர். அவள் குனியவில்லை. இத்தனை காலம் சிறுத்தையின் பல்லைப் பார்த்துப் பயந்திருந்த ஆவுடை, அன்றைக்குத்தான் ஒரு குருவியைப் பார்த்துப் பயந்தாள். கோவில் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு பயம். தன்னை அறியாமல் தலையைத் தாழ்த்தினாள். மேட்டில் நின்ற யானையும் தும்பிக்கையைத் தாழ்த்தியது.

பாறைச்சூடு அலையலையாக எழும்பியது. பூதத்தான் தண்ணீரைப் பார்த்தான். வேறு பக்கம் பார்த்தான். திரும்பவும் தண்ணீரைப் பார்த்தான். ஒரு அடி எடுத்து வைத்தான். இன்னொரு அடி வைத்தான். தந்தங்களுக்கு நடுவே வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்து, பிச்சியின் காலுக்கு முன்னால் குனிந்து, 'சளக் சளக்' என்று குடித்தான்.

காடே பார்த்தது. குடித்து முடித்து நிமிர்ந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மலை தாண்டிப் போனவன்தான். அன்றைக்குச் சாயங்காலம் சுனைக்காட்டில் ஒரு குட்டியும் குறையவில்லை.

அதன் பிறகுதான் பிச்சி குடித்தாள். ஒரே ஒரு சொட்டு. மிச்சம் இருந்த ஈரத்தில் நெஞ்சை முக்கி முக்கி எடுத்தாள். எல்லோரும் மேட்டுப் பக்கம் அவளுக்கு வழி விட்டார்கள். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சுனைப் பக்கத்துப் பெரிய பாறைக்கு, பூதத்தான் கோடை முழுக்கப் படுத்து வாலாட்டிக்கொண்டிருந்த அதே பாறைக்குப் போனாள். அவன் தாடைக்கு நேர் கீழே, அவன் ஒரு நாளும் குனிந்து பார்க்காத இடத்தில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக அவள் முட்டைகள் கிடந்தன. பாறை நிழலில் அவை இன்னும் உயிரோடு இருந்தன.

ஆவுடை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலைமை கடைசியில்தான் பேச வேண்டும் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். பதவி என்பது முந்தி எடுத்துக்கொள்வதற்கு இல்லை, எல்லோரும் எடுத்த பிறகு கடைசியில் நிற்பதற்குத்தான் என்பதைக் காடு முழுவதற்கும் செய்து காட்டிவிட்டு, பிச்சி ஈர நெஞ்சோடு முட்டைகளின்மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.